முழங்கை மடிப்பில் இரண்டு நாள்

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பது நான், காசு வாங்கிப் போடுவது என் வீட்டுக்காரர். மருந்து வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. டாக்டர் எழுதினார், நான் கொடுத்தேன், அவர்கள் விழுங்கிவிடுவார்கள். தலைக்கு அடிக்கிற டை, நெயில் பாலிஷ், கண் மை, ஃபவுண்டேஷன் என்று வாங்க வருகிறவர்கள்தான் நின்று நிதானமாகக் கேட்பார்கள்: "யக்கா, இது நல்லதா?"

என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதினைந்து வருஷமாக ஒன்றும் செய்யாத சாயம் உங்கள் கண்ணை ஒரே ராத்திரியில் மூடவைக்கலாம். யாருக்கு எது சேரும் என்று அவரவர் தோலிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, செலவில்லாதது, ஆனால் இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாள்தான் யார் கையிலும் இல்லை. பார்சல் பிரித்த கையோடு பூசிவிடுகிறார்கள். இல்லையென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

வீட்டில் வாங்கிப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நம் ஊருக்கு எப்படி வந்தது என்று யோசித்தால் கடலூரில் போய் நிற்கும். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பையன்களை உட்காரவைத்துத் தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள். அதற்கு முன்னால் ஷாம்பூ என்றால் கண்ணாடி பாட்டில், மாதச் சம்பளக்காரர் வீடு. பாக்கெட் வந்தபின் வயல் வேலை முடித்து வருகிற பெண்ணும் ஒரு ரூபாய்க்கு வாங்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொன்று வாங்க முடிந்தது. சோதித்துப் பார்க்கிற உரிமையைச் சாதாரண ஜனங்களுக்குக் கொடுத்தது அந்தப் பாக்கெட்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரே ஒரு குறை. ஷாம்பூவை ஒரு நிமிஷத்தில் கழுவிவிடுகிறோம், அதனால் அவசரமாகச் சோதித்தாலும் பெரிதாக ஒன்றும் வராது. அதே ஒரு ரூபாய்த் துணிச்சலோடு நாம் சாயத்துக்கும் ஜெல்லுக்கும் போய்விட்டோம்.

என் வீட்டில் இதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறாள், அண்ணன் மகள். கல்லூரியில் படிக்கிறாள். படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். அவள் மேஜையில் புத்தகத்தைவிடப் புட்டிகள் அதிகம். "அத்தே, நீங்க பாட்டிலுக்குப் பின்னாடி இருக்கத படிங்க, நான் முன்னாடி இருக்க படத்தப் பாக்கேன்" என்பாள். அப்படியே ஒரு ஏற்பாடாகிவிட்டது. அவள் வாங்குவாள், நான் பின்பக்கம் படிப்பேன், இரண்டு பேரும் போட்டுப் பார்ப்போம். திட்டிக்கொண்டே போட்டுப் பார்ப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் நீல நகப்பூச்சு எனக்கு நன்றாகவே இருந்தது.

முறை இதுதான். முழங்கையின் உள்மடிப்பில், அல்லது காதுக்குப் பின்னால், சின்னக் காசு அளவுக்குத் தடவ வேண்டும். 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ஏன் அவ்வளவு நேரம்? தோலில் இரண்டு விதமான கோபம் உண்டு. எரிச்சல் என்பது உடனே தெரியும்: எலுமிச்சம்பழச் சாறு வெடிப்பில் பட்டதுபோல அப்போதே காந்தும். ஒவ்வாமை அப்படி இல்லை. உடம்பின் காவல் அணுக்கள் பொருளை அடையாளம் கண்டு, கூட்டம் சேர்த்து, அங்கே வந்து சேர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் ஆகும். "தடவுனேன், அரைமணி நேரம் பாத்தேன், ஒண்ணும் ஆவல" என்று சொல்கிறவர்கள் எரிச்சலை மட்டும்தான் சோதித்திருக்கிறார்கள். முகத்தில் நாள் முழுக்க இருக்கப்போகிற கிரீம் என்றால், ஒரு வாரம் பத்து நாள் வரை காலையும் மாலையும் அதே இடத்தில் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள். கழுவி எடுக்கிற ஃபேஸ் வாஷை அப்படி ஊறவைக்கக் கூடாது. முகத்தில் எவ்வளவு நேரம் வைப்போமோ அவ்வளவு நேரம்தான் கையிலும்.

இன்னொன்று. ஒரு சமயத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். ஆறு சாமான் அடங்கிய பெட்டி வந்ததும் ஆறையும் ஒரே நாளில் பூசிக்கொண்டு, மறுநாள் தடித்த கன்னத்தோடு வந்து "எதுனால வந்துச்சு?" என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

தலைச்சாயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். கடையில் எனக்குக் கிடைக்கிற கெட்ட பேரும் இதில்தான், வாங்க வந்தவரிடம் நாலு கேள்வி கேட்கிறேன் என்று.

கடையில் கிடைக்கிற நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினிலீன்டையமின் என்ற பொருள் இருக்கும். பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வோம். அது கறுப்பே கிடையாது, சுத்தமான நிலையில் வெள்ளைப் பொடி. அதோடு சேர்க்கிற டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. முடியின் மேல்பரப்பு மீன் செதில்போல அடுக்கடுக்காக மூடியிருக்கும். சாயத்தில் உள்ள அம்மோனியா அந்த அடுக்குகளைத் தூக்கிவிடும். பி.பி.டி. மூலக்கூறு மிகச் சின்னது என்பதால் சந்தில் நுழைந்துவிடும். உள்ளே போனதும் பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிய, நிறமுள்ள மூலக்கூறாகிவிடும். வந்த வழியே அதனால் வெளியேற முடியாது. தலையை எத்தனை முறை அலசினாலும் நிறம் நிற்பது இதனால்தான். கலக்கிய சாயத்தை மிச்சம் வைத்து அடுத்த வாரம் அடிக்க முடியாததும் இதனால்தான். வேலை கிண்ணத்திலேயே முடிந்துபோயிருக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முடி வளர்கிறது, அந்த ஒரு சென்டிமீட்டர் வெள்ளையோடு எட்டிப் பார்க்கும்போது மறுபடியும் கடைக்கு வருகிறோம்.

'அம்மோனியா இல்லாதது' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் நிறைய. அம்மோனியாவுக்குப் பதிலாக மோனோஎத்தனாலமின் போடுவார்கள். மூக்கைத் துளைக்கிற நாற்றம் இருக்காது. ஆனால் ஒவ்வாமை தருகிற பி.பி.டி. அதே பெட்டியில் அப்படியே இருக்கலாம். பின்பக்கம் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கலந்த சாயத்தில் பி.பி.டி. இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் இந்தச் சாயங்களின் பெட்டியில் எச்சரிக்கை போட்டாக வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் போதாது, உள்ளூர் மொழியிலும் வேண்டும். உள்ளே வருகிற தாளில் சோதனை முறையும் இருக்கும்: காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கமோ சோப்புப் போட்டுக் கழுவி, கலக்கிய சாயத்தைக் கொஞ்சம் தடவி, உலரவிட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லும். ஒவ்வொரு முறை அடிப்பதற்கு முன்பும் இதைச் செய்யச் சொல்லும். அந்தத் தாள் கையுறையோடு சேர்ந்து கீழே விழுந்து, பெருக்கும்போது குப்பைக்குப் போகிறது.

"ஏட்டி, நான் பத்து வருசமா போடுதேன், இனிமயா எனக்கு வரப்போவுது?" என்று என் மதினி கேட்பார். வரும். பி.பி.டி. ஒவ்வாமை பிறவியிலேயே இருக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்பப் படப்பட ஒரு நாள் உடம்பு அதை எதிரி என்று பதிவுசெய்துகொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வரும், கடுமையாகவும் வரலாம். காதோரம் அரிப்பு, நெற்றியில் தடிப்பு, பிறகு இரண்டு கண்ணும் திறக்க முடியாத வீக்கம். போன மாதம் லேசாக அரித்தது என்று யாராவது சொன்னால் அவருக்கு நான் அந்தச் சாயத்தைக் கொடுக்க மாட்டேன். அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார், அது என் கையில் இல்லை.

புருவ விஷயத்தில் ஆண்களைப் பற்றி ஒரு புகார். மீசைக்கு அடித்த மிச்சத்தைக் கண்ணாடி முன்னால் நின்று புருவத்துக்கும் இழுத்துவிடுகிறார்கள். எச்சரிக்கையில் புருவம், இமை இரண்டையும் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள், கண் போய்விடும் என்று. அது பூச்சாண்டி காட்ட எழுதியது இல்லை. 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தை அழகு நிலையங்களில் போட்டார்கள். பி.பி.டி. கலந்தது. பெண்கள் பார்வை இழந்தார்கள், ஓர் உயிரும் போனது. அழகுப் பொருள்களை அரசு கண்காணிக்க வழிசெய்த 1938-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த காரணங்களில் அந்தச் சாயமும் ஒன்று.

அப்படியானால் மருதாணி போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். நல்லது, அது மருதாணியாக இருந்தால். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் தரும். எந்த மண்ணில் விளைந்த மருதாணியும் அரைமணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆக்காது. ஆக்கினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் அதே பி.பி.டி. பொருட்காட்சியிலும் சீசன் சமயத்தில் குற்றாலத்திலும் பிள்ளைகள் கையில் 'கறுப்பு மெகந்தி' டாட்டூ வரைகிறார்கள். இரண்டு வாரத்தில் படம் போய்விடும். ஒவ்வாமை வேர்பிடித்திருந்தால், அந்தப் பிள்ளை நாற்பது வயதில் முதன்முதலாகத் தலைக்குச் சாயம் அடிக்கும்போது தெரியும்.

இலையிலிருந்தே கறுப்பு வேண்டுமென்றால் அவுரி இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அவுரி இலைப் பொடி கேட்டால் தருவார்கள். முதல் நாள் மருதாணி போட்டு அலசிவிட்டு, அடுத்து அவுரியைத் தண்ணீரில் குழைத்து உடனே தடவ வேண்டும். செம்பழுப்பின் மேல் அவுரியின் நீலம் ஏறிக் கறுக்கும். மதினிக்கு இப்போது இதுதான். நேரம் பிடிக்கும், தோளில் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும், முதல் இரண்டு நாள் பச்சைச் சாயல் தெரியும். அதைச் சகிக்க முடியாதவர்களுக்கு இது சரிப்படாது. அவுரியும் மருதாணியும் யாருக்கும் ஒவ்வாது என்றும் சொல்ல மாட்டேன், முழங்கை மடிப்பு இதற்கும் உண்டு. பச்சைக் குழந்தைகளுக்கு மருதாணி வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களையே உடைத்துவிடும். பொடியில் உலோக உப்பு கலந்திருந்தால் அதன்மேல் பெராக்சைடு சாயம் அடிக்கக் கூடாது. சூடேறி முடி பிய்ந்துவிடும். அதனால் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிறவர்கள் சீப்பில் வந்த முடியை எடுத்து அதில் முதலில் சோதிக்க வேண்டும்.

முடியை நேராக்குகிற 'கெரட்டின்' புட்டியை வீட்டில் வைத்துப் போடலாமா என்று அண்ணன் மகள் கேட்டாள். இதில் நான் தயங்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு வரும், அயர்ன் வைக்கும்போது அது ஆவியாக மூக்குக்குள் போகும். அதற்குப் பதிலாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் வேறு வழியில் வம்பு செய்கிறது. அந்த அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட இளம்பெண் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். தலையில் பூசியது சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் படிகமாகப் போய் உட்காருகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது.

நகத்துக்கு வருவோம். சாதாரண நெயில் பாலிஷ் எனக்குப் பிடித்த பொருள். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம் என்பது அதில் இருக்கிற பெரிய வசதி. நைட்ரோசெல்லுலோஸ் என்கிற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து நிறம் சேர்த்தால் அது நகப்பூச்சு. கார்களுக்கு அடிக்கிற பெயின்ட்டும் ஒரு காலத்தில் இதே குடும்பம்தான். கரைப்பான் ஆவியாகிப் போவதைத்தான் காய்வது என்கிறோம். அதனால் கெட்டியாக ஒரே பூச்சுப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் ஈரம் நிற்கும், புடவை மடிப்பில் கை பட்டதும் வழித்துக்கொண்டு போகும். மெல்லியதாக இரண்டு முறை, நடுவில் சில நிமிஷ இடைவெளி. அடர்ந்த சிவப்பு நேரடியாகப் பட்டால் நகம் மஞ்சளாகும், கீழே நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. புட்டியும் ரிமூவரும் எளிதில் தீப்பற்றும். அடுப்படியில், விளக்கேற்றின சாமி அறையில் வேண்டாம்.

இதில் ஒரு துப்பறியும் கதை உண்டு. கண் இமையில் அரிப்பும் செதிலும் என்று சில பெண்கள் வருவார்கள். மையை மாற்றியிருப்பார்கள், சோப்பை மாற்றியிருப்பார்கள், போகாது. நான் முதலில் அவர்கள் விரலைப் பார்ப்பேன். நகப்பூச்சில் உள்ள ஒரு வகைப் பிசின் சிலருக்கு ஒவ்வாது. விரல் தோல் தடிப்பானது, தாங்கிக்கொள்ளும். அதே விரலால் நாம் நாள் முழுக்கத் தொடுகிற கண்ணிமையும் கழுத்தும் மெல்லியவை, அங்கேதான் வெளிப்படும். பாலிஷை அழித்துவிட்டுச் சில வாரம் பொறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜெல் நகப்பூச்சு வேறு சாதி. அது காய்வதில்லை, புற ஊதாக் கதிர் விளக்குக்குக் கீழே இறுகுகிறது. மெத்தாக்ரிலேட் என்ற குடும்பத்துச் சின்ன மூலக்கூறுகள் வெளிச்சத்தில் கைகோத்து ஒரே பிளாஸ்டிக் தகடாகிவிடும். முழுக்க இறுகிவிட்டால் பெரிய ஆபத்தில்லை. இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் வினை. வீட்டில் அது எப்போதும் படும், ஏனென்றால் இடது கையால் வலது கைக்குப் பூசும்போது யாருக்கும் கோடு நேராக வராது. ஒரு கம்பெனி விளக்கு, இன்னொரு கம்பெனி ஜெல் என்று சேர்த்தால் மேலே இறுகி அடியில் பச்சையாகவே இருக்கும். அண்ணன் மகள் இப்படி ஒரு கிட் வாங்கினாள். நான் படித்துக் காட்டினபிறகு விளக்கை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-லேயே வீட்டு ஜெல் கிட்டுகளைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பாவில் ஹெமா என்ற மெத்தாக்ரிலேட் உள்ளவற்றைத் தொழில்முறைக் கைகள் மட்டுமே போட வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கிறது. ஜெல்லை இறுகவைக்கிற டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அங்கே முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள்.

நகத்தோடு போகிற ஒவ்வாமை என்றால்கூட இவ்வளவு சொல்ல மாட்டேன். இதே குடும்பத்து மெத்தாக்ரிலேட்டுகள்தான் பல் அடைக்கிற வெள்ளைச் சிமென்டிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் எலும்பை ஒட்டுகிற சிமென்டிலும் இருக்கின்றன. இருபது வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை அறுபதில் முழங்கால் ஆபரேஷனுக்குக் குறுக்கே நிற்கலாம். ஆபரேஷன் என்றதும் இன்னொன்று: ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே ஒளியை அனுப்பித்தான் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. அடர் நிறம் இருந்தால் கணக்கு பிசகலாம்.

முகத்துக்குப் போடுகிறவற்றில் லிப்ஸ்டிக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மெழுகு, விளக்கெண்ணெய், நிறமி. அடுத்தவர் உதட்டில் பட்டதை வாங்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஃபவுண்டேஷன்தான் நம் ஊர்ப் பெண்களை அழவைக்கிறது. கடை டியூப்லைட்டில் மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்து வாங்குகிறோம். மணிக்கட்டும் முகமும் ஒரே நிறமாக இருக்கிற ஆள் இந்த வெயிலில் யார்? தாடை எலும்பின் ஓரத்தில், கழுத்தை ஒட்டி, மூன்று நிறங்களைக் கோடாக இழுங்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். எது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்ததோ அது உங்களுடையது. உடனே முடிவுசெய்யாமல் அதோடு சமையலறையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். தோல் எண்ணெயும் காற்றும் பட்டுச் சில பூச்சுகள் ஒரு படி கறுத்துவிடும். சில வியர்வையில் திட்டுத்திட்டாகப் பிரியும். டைட்டானியம் டையாக்சைடு அதிகமுள்ளவை மாநிறத்துக்கு மேல் சாம்பல் பூத்தாற்போல நிற்கும், ரிசப்ஷன் போட்டோவில் ஃபிளாஷ் பட்டதும் முகம் மட்டும் தனியாக வெளுத்துத் தெரியும். ஆகவே ஃபிளாஷ் போட்டு ஃபோனில் ஒரு படமும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கறுத்த பெண்ணுக்கு ஏற்ற நிறமே இல்லாத காலம் வெகு நாள் நடந்தது. 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களோடு வந்த பிறகுதான் மற்ற கம்பெனிகளுக்கும் சுரணை வந்தது. இன்றைக்கு நம் நிறத்துக்குக் கிடைக்கிறது. வெளுப்பாகக் காட்டும் என்று இரண்டு படி குறைத்து வாங்குகிற பழக்கத்தை மட்டும் நாம் விட வேண்டும்.

கண் மை விஷயத்தில் பாட்டி வைத்தியத்தோடு எனக்குச் சண்டை உண்டு. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவருகிற சுருமா சிலவற்றில் ஈய சல்ஃபைடே முக்கியப் பொருள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேர், ஊர், முகவரி இல்லாத டப்பா எதுவும் கண்ணுக்கு வேண்டாம். மஸ்காரா திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், காய்ந்துவிட்டதென்று தண்ணீர் விட்டுக் குலுக்குவது கிருமிக்குத் தண்ணீர் விடுவது. மெட்ராஸ் ஐ பரவுகிற மாதங்களில் அக்கா தங்கச்சி ஆனாலும் அவரவர் மை அவரவருக்கு.

பொட்டைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை நம் ஊர்க் கட்டுரையாகாது. மேக்கப்பே போடாத பெண்ணும் ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறாள், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய பொருள் என்று யாரும் நினைப்பதில்லை. ஸ்டிக்கரின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் என்ற பொருள் இருந்தால், அது சிலருக்கு நிறமி அணுக்களையே அழித்துவிடும். நெற்றி நடுவில் பொட்டு அளவுக்கு வெண்மை விழும். அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வைக்கிறார்கள், திட்டும் வளர்கிறது. ராத்திரி பொட்டை எடுத்து நிலைக்கண்ணாடியில் ஒட்டிவைக்கிற பழைய பழக்கம் நல்ல பழக்கம். எடுத்த இடத்தில் அரிப்போ நிறக்குறைவோ தெரிந்தால் அன்றோடு ஸ்டிக்கரை நிறுத்துங்கள். ஆரம்பத்தில் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு.

வாங்கும்போது என்ன பார்ப்பது? நம் நாட்டில் அழகுப் பொருள்களுக்கு 2020-ல் தனி விதிகள் வந்தன. தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இவ்வளவும் அட்டையில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் வேண்டும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிற 'ஒரிஜினல்' பெரும்பாலும் இந்தப் பரீட்சையில் தோற்றுவிடும். வெளுப்பாக்குகிற கிரீம்களில் இது உயிர் விஷயம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த கிரீம்களில் தயாரித்தவர் யார் என்றே ஒழுங்காகத் தெரியவில்லை.

எலுமிச்சம்பழம், சமையல் சோடா, பற்பசை என்று அடுப்படிச் சாமான்களை முகத்தில் ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரும். இட்லி மாவில் போடுவதெல்லாம் முகத்துக்கும் ஆகும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் வீட்டுத் தீர்ப்பு இதுதான். நகப்பூச்சு, லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், மருதாணி, அவுரி எல்லாம் ஆசை தீர வீட்டில் போட்டுப் பார்க்கலாம். தலைச்சாயம் சோதனைக்குப் பிறகு. ஜெல்லும் முடி நேராக்கும் கிரீமும் வீட்டுக்கு வேண்டாம்.

ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அலமாரியில் கிடக்கிற ஸ்டீராய்டு கிரீமை நீங்களாக எடுத்து முகத்தில் தடவாதீர்கள், அது இன்னொரு நோயைக் கொண்டுவரும். முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோபத்தில் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைக் கையோடு கொண்டுபோய் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பின்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். சாயத்திலும் ஜெல்லிலும் ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பி.பி.டி. சேராதவர்களில் சிலருக்கு சல்ஃபா மருந்துகளும் மரத்துப்போகப் போடுகிற பென்சோகெய்னும் சேராமல் போகலாம். அதனால் அடுத்த முறை காய்ச்சலுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், எங்களைப்போல ஒரு மருந்துக் கடைக்கு வந்தாலும், அந்தப் படத்தைக் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.